மகனின் பையில் அல்ல, உறையின் முதுகில்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த இசைக்காரர்களைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். விஷயம் நல்ல விஷயம்தான். ஆனால் நடுவில் கட்டம் கட்டி, ராணுவ அடக்கங்களில் ஊதும் 'டாப்ஸ்' பிறந்த கதை என்று ஒன்றைப் போட்டிருக்கிறீர்களே, அது பொய். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுதக் கடிதம் நீண்டுவிட்டது. வெட்டுவதானால் பின்பாதியை வெட்டுங்கள். திருத்தத்தை வெட்டாதீர்கள்.

படிக்காதவர்களுக்காக அந்தக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். 1862, அமெரிக்க உள்நாட்டுப் போர். வடக்குப் படையில் எலிகோம் என்று ஒரு கேப்டன். இருட்டில் முனகல் கேட்டு, குண்டுகளுக்கு நடுவே தவழ்ந்துபோய், அடிபட்டுக் கிடந்தவனை இழுத்து வருகிறார். விளக்கை உயர்த்திப் பார்த்தால் சொந்த மகன். தெற்கே சங்கீதம் படிக்கப் போனவன், அப்பாவிடம் சொல்லாமல் எதிரிப் படையில் சேர்ந்திருக்கிறான். உயிர் போய்விட்டது. அவன் சட்டைப்பையில் ஒரு தாள், அதில் சில சுரங்கள். அடக்கத்தின்போது பியூகிள் என்ற ராணுவ ஊதுகொம்பை ஊதுகிற ஒரே ஒருவனை வைத்து அதை ஊதச் சொன்னாராம் அப்பா.

முதல் தடவை படித்தபோது எனக்கும் கண் கலங்கியது. வாட்ஸ்அப்பில் இதை நாலைந்து பேராவது எனக்கு அனுப்பியிருப்பார்கள். ஆனால் அப்படி ஒரு கேப்டன் இருந்ததற்கு வடக்குப் படையின் பதிவுகளில் தடயமே இல்லை.

நடந்தது வேறு. அதே 1862, ஜூலை மாதம், வர்ஜீனியாவில் ஜேம்ஸ் ஆற்றங்கரையில் ஹாரிசன்ஸ் லேண்டிங் என்ற இடம். ஏழு நாள் சண்டையில் அடிவாங்கிப் பின்வாங்கிய படை அங்கே கூடாரம் போட்டுக் கிடந்தது. அதில் டேனியல் பட்டர்ஃபீல்ட் என்ற பிரிகேடியர் ஜெனரல். போருக்கு முன்னால் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். அப்போது அது பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற கம்பெனி. ராத்திரி விளக்கணைக்கச் சொல்லி ஊதும் அழைப்பு அவர் காதுக்குப் பிடிக்கவில்லை, விறைப்பாகப் பட்டது. தன் பியூகிள்காரர் ஆலிவர் நார்ட்டனைக் கூப்பிட்டார். அவருக்கு 22 வயது. ஒரு கடித உறையின் முதுகில் பென்சிலால் எழுதியிருந்த சுரங்களைக் காட்டி ஊதச் சொன்னார். கேட்டுவிட்டு இதைக் கொஞ்சம் நீட்டு, அதைக் குறை என்று திருத்தினார். சரி என்று பட்டதும் இனிமேல் இதையே ஊது என்றார். கோடைக் காற்றில் அது தூரம் போயிருக்கிறது. மறுநாளே பக்கத்துப் படைப்பிரிவுகளின் பியூகிள்காரர்கள் வந்து சுரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள்.

அடக்கத்துக்கு அது வந்ததற்கும் கண்ணீர் காரணமில்லை. டிட்பால் என்ற பீரங்கிப்படைக் கேப்டன் தன் ஆள் ஒருவரைப் புதைக்க வேண்டியிருந்தது. வழக்கப்படி மூன்று முறை துப்பாக்கி வெடித்தால், பக்கத்திலேயே இருந்த எதிரி சண்டை தொடங்கிவிட்டது என்று நினைத்துவிடுவான். அதனால், துப்பாக்கி வேண்டாம், டாப்ஸை ஊதுங்கள் என்றார்.

இதெல்லாம் எப்படித் தெரியவந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1898-ல் செஞ்சுரி என்ற பத்திரிகை ராணுவ ஊதல்களைப் பற்றி ஒரு கட்டுரை போட்டது. டாப்ஸ் விஷயம் அதில் சரியாக வரவில்லை. நார்ட்டன் அதைப் படித்துவிட்டு, சம்பவம் நடந்து 36 வருடம் கழித்து, சிகாகோவிலிருந்து ஆசிரியருக்கு ஒரு கடிதம் போட்டார். பத்திரிகை பட்டர்ஃபீல்டுக்கு எழுதிக் கேட்க, அவரும் ஆமாம் என்றார். 'ஆசிரியருக்குக் கடிதம் எழுதி என்ன ஆகப்போகிறது' என்று என் வீட்டில் கேட்கிறார்கள். அவர்களிடம் நார்ட்டனைச் சொன்னேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. வர்ஜீனியா பீச்சில் 27 வருடமாக இருக்கிறேன். மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கு இசை தெரியாது. எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியும். கடற்படையில் 22 வருடம் டிரம்பெட் ஊதி, சீஃப் பெட்டி ஆபிசராக ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோரும் 'சீஃப்' என்றுதான் கூப்பிடுகிறோம். என்னை அவர் இன்றுவரை 'மேம்'.

பழக்கம் ஆரம்பித்தது கடைக் கவுன்டரில். சிறுநீர்த் தொந்தரவுக்கு அவருக்குப் புதிதாக ஒரு மாத்திரை எழுதியிருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து டப்பாவோடு வந்து, இதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஏன் என்றேன். "வாய் காய்ந்துபோகிறது மேம். சனிக்கிழமை எனக்கு ஒரு அடக்கம் இருக்கிறது." எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் விளக்கினார். டிரம்பெட்டில் சத்தம் வருவது உதடு துடிப்பதால். உதடு துடிக்க ஈரம் வேண்டும். அந்த வகை மாத்திரைகள் எச்சிலை வற்றடிக்கும் என்பது எனக்குப் பாடமாகத் தெரியும். அதனால் ஒரு மனிதர் இறந்தவருக்குச் செய்கிற கடைசி மரியாதை கெடும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. டாக்டருக்குப் போன் போட்டு வேறு மருந்து மாற்றிக் கொடுத்தோம்.

உங்கள் கட்டுரையின் தலைப்பு 'ராணுவம் தின்ற இசை'. இதை நான் சீஃபுக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை, சிரித்தார். மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்க ஊர் அவருடையது. 1967-ல் கட்டாய ராணுவச் சேர்க்கை தலைக்கு மேல் தொங்குகிறது. பள்ளி பேண்ட் மாஸ்டர்தான், கடற்படையில் வாசித்துக் காட்டினால் பேண்டில் எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லி அனுப்பினாராம். இங்கே லிட்டில் க்ரீக் தளத்தில் கடற்படையின் இசைப்பள்ளி இருக்கிறது. 1935-ல் வாஷிங்டனில் ஆரம்பித்து, 1964-ல் இங்கே வந்தது. சுரம் பார்த்து வாசிக்கவும், கேட்டதை எழுதவும், அடுத்தவர் மூச்சோடு சேர்ந்து மூச்சு விடவும் அங்கேதான் கற்றுக்கொண்டேன் என்கிறார். "என் அப்பா சுரங்கத்தில் மூச்சைத் தொலைத்தார். எனக்கு மூச்சுக்குச் சம்பளம் கொடுத்தார்கள்." இதை எப்படி 'தின்றது' என்று எழுதுவது?

சீஃப் ஒருவரை வைத்து மட்டும் சொல்லவில்லை. ஜாஸ் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் 1945 ஆகஸ்டில் கடற்படையில் சேர்ந்து ஹவாயில் பேண்டில் வாசித்தவர். ஒலிப்பதிவில் அவர் சாக்ஸபோன் முதன்முதலாக விழுந்தது அங்கே, 1946-ல், சக கடற்படைக்காரர்களோடு. வெளியே வந்ததும் முன்னாள் படைவீரர்களுக்கான ஜிஐ பில் சட்டத்தின் காசில் பிலடெல்பியாவில் கிரனாஃப் இசைப்பள்ளியில் படித்தார். அந்தச் சட்டம் 1944-ல் வந்தது, படிப்புக்கு வருடத்துக்கு 500 டாலர் வரை கொடுத்தது. ஜாஸ் பியானோக்காரர் டேவ் ப்ரூபெக், இரண்டாம் உலகப் போரில் ஜெனரல் பேட்டனின் மூன்றாம் படையோடு ஐரோப்பாவுக்குப் போனவர். சிப்பாய்களுக்கான ஒரு நிகழ்ச்சியில் பியானோ வாசிக்க ஆள் கேட்டார்கள், எழுந்து போனார். அதற்குப் பிறகு அவரைச் சண்டை முனைக்கு விடவில்லை, பேண்ட் அமைக்கச் சொன்னார்கள். கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்தே வைத்திருந்த ராணுவத்தில் இரண்டு பேரும் சேர்ந்து வாசித்த பேண்ட் அது. திரும்பி வந்து அவரும் அதே ஜிஐ பில்லில் மில்ஸ் கல்லூரியில் பிரெஞ்சு இசையமைப்பாளர் தாரியுஸ் மியோவிடம் படித்தார். பாடகர் ஜானி கேஷ் விமானப்படையில் ரஷ்யர்களின் மோர்ஸ் தந்தியை ஒட்டுக்கேட்கிற வேலையில் ஜெர்மனியின் லாண்ட்ஸ்பெர்க்கில் உட்கார்ந்திருந்தவர். முதல் கிதாரை வாங்கியது அங்கேதான். கிதார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள், திருட்டுக் காரில் போய் மாட்டி, சிறையா படையா என்ற நிலையில் 1961-ல் சேர்ந்தார் என்று. சரிதான். ஆனால் கென்டக்கியின் ஃபோர்ட் கேம்பெல்லில்தான் பில்லி காக்ஸ் அவருக்குக் கிடைத்தார், பின்னாளில் அவரோடு பேஸ் கிதார் வாசித்த நண்பர். அதை விட்டுவிட்டீர்கள்.

சீஃபுக்குப் பிடித்தவர் பாடகர் பில் விதர்ஸ். தன் மாநிலத்துக்காரர், தன்னைப் போலவே சுரங்க ஊர், தன்னைப் போலவே கடற்படை. சின்ன வயதிலிருந்து திக்குவாய். ஒன்பது வருடம் கடற்படையில் இருந்தபோது அதை மெல்ல மெல்லச் சரிசெய்துகொண்டு, 1965-ல் வெளியே வந்து, விமானத்துக்குக் கழிப்பறை செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டெழுதினார். முதல் ஆல்பம் வந்தபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. "திக்காமல் பேசக் கற்றுக்கொண்டவன் அதற்கப்புறம் ஒரு வார்த்தையையும் வீணாக்கமாட்டான், கேட்டுப் பாருங்கள்" என்பார் சீஃப். கேட்டேன். உண்மைதான், அவர் பாட்டில் அடைசல் கிடையாது.

சரி, எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. லெஸ்டர் யங் பெயரை எடுத்தால் சீஃப் முகமே மாறிவிடும். நாட்டின் மிகச் சிறந்த சாக்ஸபோன்காரர்களில் ஒருவரை 1944-ல் கட்டாயமாக எடுத்தார்கள். பேண்டில் போடவில்லை. கஞ்சா வைத்திருந்தார் என்று அலபாமாவில் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி, சிறையில் தள்ளி, அவமதிப்போடு வெளியே அனுப்பினார்கள். தின்றது என்ற வார்த்தையை அவருக்கு எழுதியிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருப்பேன். உங்கள் கட்டுரையில் அவர் பெயரே இல்லை.

பேண்ட் தலைவர் ஜேம்ஸ் ரீஸ் யூரோப்பின் பெயரும் இல்லை. இவருக்கு ஒரு பக்கம் கொடுத்திருக்க வேண்டும். 1912-லேயே கார்னகி ஹாலில் கறுப்பின வாத்தியக்காரர்களைக் கூட்டி வாசித்தவர். முதல் உலகப் போரில் நியூயார்க்கின் கறுப்பர் படைப்பிரிவான 369-ல் லெப்டினன்ட். நல்ல கிளாரினெட்காரர்களைத் தேடிப் புவேர்ட்டோ ரிக்கோ வரை கப்பலேறிப் போனார். 1918 புத்தாண்டு அன்று பிரான்சின் ப்ரெஸ்ட் துறைமுகத்தில் இறங்கியதும் அவர் பேண்ட் பிரெஞ்சு தேசிய கீதத்தை வாசித்தது. அதில் இருந்த தாளத்தில், கூடியிருந்த பிரெஞ்சுக்காரர்களுக்குச் சில கணம் இது தங்கள் கீதம்தான் என்றே தெரியவில்லையாம்! அமெரிக்க ராணுவம் இவர்களை வெள்ளைச் சிப்பாய்களுக்குப் பக்கத்தில் நிற்கவிடாமல் பிரெஞ்சுப் படைக்குக் கொடுத்துவிட்டது. 191 நாள் முன்னணியில் நின்றார்கள். யூரோப் பேண்ட் தலைவர் மட்டுமல்ல, இயந்திரத் துப்பாக்கிப் பிரிவின் அதிகாரியும்கூட. விஷவாயுவில் சிக்கிப் பிழைத்தார். 1919 பிப்ரவரி 17-ல் ஐந்தாவது அவென்யூவில் பேண்டோடு அணிவகுத்து வந்தார். அதே மே மாதம், பாஸ்டனில் கச்சேரி இடைவேளையில், சொந்த பேண்டின் டிரம் வாசிப்பவர் ஒருவர் கழுத்தில் கத்தியால் குத்தியதில் யூரோப் இறந்துபோனார். போர்முனையில் போகாத உயிர். ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் புதைத்தார்கள்.

கண்ணீர்க் கதைகளைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, இன்னொன்றும் உங்கள் கட்டுரையில் இருக்கிறது. பேர்ல் ஹார்பரில் மூழ்கிய அரிசோனா கப்பலின் பேண்ட், முந்தின இரவு போட்டியில் ஜெயித்ததால் பரிசாகக் காலையில் தூங்க அனுமதி பெற்று, தூக்கத்திலேயே மாண்டது என்று. இல்லை. 1941 டிசம்பர் 6 இரவு அவர்கள் வாசிக்கவே இல்லை. முன்பே இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகிவிட்டதால், மற்ற கப்பல்களின் பேண்டுகள் வாசிப்பதைப் போய்க் கேட்டார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்குக் கொடியேற்ற வாசிக்கத் தயாராக இருந்தார்கள். குண்டு விழுந்ததும் அவரவர் போர்க்கால இடத்துக்குப் போனார்கள். பேண்டுக்காரர்களுக்குப் பீரங்கிக் கோபுரத்துக்கு அடியில் வெடிமருந்தை மேலே ஏற்றும் வேலை. 21 பேரும் போய்விட்டார்கள். பின்னால் அந்தப் போட்டிக் கோப்பையை அவர்களுக்கே கொடுத்து, அவர்கள் கப்பலின் பெயரையே அதற்கு வைத்தார்கள். தூங்கிக்கொண்டே செத்தார்கள் என்று சொல்லும்போது அந்தக் கடைசி ஓட்டத்தை அவர்களிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறோம். இதைச் சொல்லும்போது மட்டும் சீஃப் என்னிடம் குரலை உயர்த்தினார். அவரும் கப்பலில் பயிற்சி மணி அடித்தால் டிரம்பெட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு ஸ்ட்ரெச்சர் தூக்க ஓடியவர்.

இனி டாப்ஸுக்கே வருகிறேன். 24 சுரம். அவற்றில் வேறு வேறு சுரம் நான்குதான். பியூகிளில் பொத்தான்களே கிடையாது. டிரம்பெட்டில் ஊதினாலும் பொத்தானைத் தொட வேண்டாம், உதடும் மூச்சும் மட்டுமே. ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே முடிந்துவிடும். பள்ளிப் பையன் ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்வான். அப்புறம் ஏன் பயப்படுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். என்னோடு வாருங்கள் என்றார்.

கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் அவரால் தூரம் ஓட்ட முடியாது. அதனால் ஒரு ஜனவரியில் நான் காரோட்டினேன். வழியெல்லாம் மவுத்பீஸை, அதாவது டிரம்பெட்டில் உதடு வைத்து ஊதும் முனையை, சட்டைக்குள், மார்போடு வைத்திருந்தார். வெளியே வைத்தால் பித்தளை குளிர்ந்து உதட்டைக் கல்லாக்கிவிடும். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு வண்டு மாதிரி ரீங்காரம் செய்தார். கல்லறையில் குடும்பத்தை விட்டு ஐம்பது அடி தள்ளி ஒரு மரத்தோரம் நின்றார். பக்கத்தில் போய் நிற்கக் கூடாதாம். சத்தம் தூரத்திலிருந்து வர வேண்டும். பாதிரியார் பேசியது நீண்டுகொண்டே போனது. நாற்பது நிமிடம் அவர் கை உறையைக்கூடப் போடாமல் நின்றார். துப்பாக்கிகள் மூன்று முறை வெடித்தன. பிறகுதான் மவுத்பீஸை எடுத்துப் பொருத்தினார். அத்தனை நேரக் குளிருக்குப் பின் முதல் சுரத்தைத் தேடிப் பார்க்க வழியில்லை, ஒத்திகை இல்லை, மறுபடி ஊத முடியாது. கேட்டவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. எனக்கு அவர் காலர் மட்டும் தெரிந்தது, அந்தக் குளிரிலும் நனைந்திருந்தது.

ஜான் கென்னடியின் அடக்கத்தில், 1963 நவம்பர் 25-ல், டாப்ஸ் ஊதியவர் ராணுவ பேண்டின் கீத் கிளார்க். குளிரில் மணிக்கணக்காக நின்றவர். துப்பாக்கி வெடித்தது அவருக்கு மிக அருகில். ஆறாவது சுரம் உடைந்தது. உலகம் முழுக்க டிவியில் கேட்டது. அழுகை போல இருக்க வேண்டும் என்றே அப்படி ஊதினார் என்று பலர் நம்பினார்கள். சீஃப் அதையும் ஏற்கமாட்டார். "குளிர், மேம். வெறும் குளிர். எங்கள் யாருக்கும் நடக்கும்."

2000-ஆம் வருடத்திலிருந்து சட்டப்படி, தகுதியுள்ள முன்னாள் படைவீரர் எவருடைய குடும்பம் கேட்டாலும் சீருடையில் இரண்டு பேராவது வந்து, கொடியை மடித்துக் கொடுத்து, டாப்ஸ் ஒலிக்கச் செய்ய வேண்டும். ஊத ஆள் போதவில்லை. அதனால் 2003 வாக்கில் ஒரு கருவி வந்தது. பியூகிளின் அகன்ற முனைக்குள் செருகிவிட்டுப் பொத்தானை அழுத்தினால், சில நொடி கழித்து நல்ல பதிவு ஒன்று ஒலிக்கும். பிடித்திருப்பவர் உதட்டருகே வைத்து நின்றால் போதும். தன்னார்வமாக ஊதப் போகிறவர்களும் நாடு முழுக்க இருக்கிறார்கள், சீஃபைப் போல. பெட்ரோல் காசு கொடுத்தால்கூட வாங்கமாட்டார்.

இப்போது அவர் ஊதுவதில்லை. மேல்வரிசையில் முன்பல் இரண்டு போய்விட்டது. பல்செட் மவுத்பீஸின் அழுத்தத்தைத் தாங்காது. போன குளிர்காலத்தில் அவருடைய பழைய பேண்ட் நண்பர், குழாயை நீட்டி இழுத்து ஊதும் டிராம்போன் வாசித்தவர், இறந்துபோனார். சீஃப் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், நான் பின்னால். தள்ளி நின்ற இளைஞன் பியூகிளை உயர்த்தினான். டாப்ஸ் அப்பழுக்கில்லாமல் வந்தது. குடும்பத்தார் அழுதார்கள். எனக்கும் தொண்டை அடைத்தது. திரும்பி வரும்போது காரில் சீஃப் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அவன் மூச்சு இழுக்கவில்லை." குடும்பத்திடம் யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. நண்பரின் மனைவி இன்றுவரை அந்தப் பையனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார். சீஃபும் அவரிடம் சொல்லவில்லை. பையன் மேல் தப்பில்லை என்கிறார். ஆள் இல்லாத இடத்தில் பதிவாவது ஒலிக்கட்டும் என்றும் சொல்கிறார். ஆனால் அன்று சாயங்காலம் அவர் வீட்டு கராஜிலிருந்து, பல்லில்லாத வாயால் ஊதிய ஒரே ஒரு நீண்ட சுரம் கேட்டது. பாதியில் நின்றுவிட்டது.

அடுத்த ஞாயிறு திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன்: எலிகோம் கதை கட்டுக்கதை, பட்டர்ஃபீல்ட், நார்ட்டன், 1862 ஜூலை, அரிசோனா பேண்ட் தூங்கவில்லை. இன்னும் ஒன்று. உங்கள் பக்கத்தை போனில் சீஃபிடம் காட்டினேன். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, படத்தைத்தான் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். 'டாப்ஸ் ஊதும் பியூகிள் வீரர்' என்று கீழே போட்டிருக்கிறீர்கள். அவர் கையில் இருப்பது டிராம்போன்.

தங்கள் நெடுநாள் வாசகி,
வர்ஜீனியா பீச், அமெரிக்கா
(பெயர் வேண்டாம்)